கட்டட மரமும் ஒட்டுப்பலகையும்

கிராமத்தில் ஒருவர் வீடு கட்டத் துணிந்தால் கல், செங்கல், சிமெண்டு முதலியவற்றைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்த பின்பே வாங்குகிறார். மரம் என்று வரும்போது மாத்திரம் விசாரணை பெரும்பாலும் பெயரோடு நின்றுவிடுகிறது. "தேக்குத்தானே?" என்று கேட்பார், "தேக்குத்தான்" என்று மரவாடியில் சொல்வார்கள், அதற்குமேல் பேச்செல்லாம் விலையைப் பற்றியதே. பிளைவுட் என்று வழங்கும் ஒட்டுப்பலகையிலோ, "தண்ணீர் தாங்குமா?" என்ற ஒரே கேள்வியோடு காரியம் முடிந்துவிடும்.

பத்தாண்டுகளுக்குள் நிலைக்கால் உளுத்துப் பொடி கொட்டுவதும், உத்தரம் நடுவில் தொய்வதும், அடுக்களை அலமாரியின் பலகை ஒரு மழைக்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிவதும் அநேக ஊர்களில் காணக்கூடியவை. இக்குறைகளுள் பெரும்பாலானவை வாங்கும் நாளிலேயே கண்ணால் கண்டு தவிர்க்கத்தக்கவை. அன்றியும், குடியானவர் மரம் வாங்குகிறவர் மாத்திரமல்லர். வரப்பிலும் தோட்டத்திலும் மரம் வளர்த்து விற்கிறவரும் அவரே. வாங்கும்போது பார்க்கவேண்டிய குணங்கள் எவையோ, அவையே விற்கும்போதும் விலையை நிர்ணயிக்கின்றன. ஆதலால் இரு பக்கத்துக்கும் உபயோகமான சில விஷயங்கள் இங்கே தரப்படுகின்றன.

வைரமும் வெள்ளையும்

அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் நிறம் கருத்த பகுதியும், பட்டையை ஒட்டி வெளுத்த பகுதியும் தெரியும். முன்னது வைரம், பின்னது வெள்ளை. வேரிலிருந்து நீரை மேலேற்றும் பகுதி வெள்ளையே. அதில் மாவுச்சத்து தங்கியிருப்பதால் உளுப்பூச்சிக்கு அது நல்ல ஆகாரமாகிறது. வைரத்திலோ அந்த மாவு நீங்கி, மரத்துக்கு மரம் வேறுபடும் எண்ணெயும் பிசினும் போன்ற பொருள்கள் படிந்திருக்கும். கறையானும் பூஞ்சணமும் அண்டாமல் காப்பவை அப்பொருள்களே.

வெள்ளை பலமற்றது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அது முழுதும் சரியன்று. குற்றமின்றி நன்கு உலர்ந்த வெள்ளைக்கும் வைரத்துக்கும் பாரம் தாங்குவதில் பெரிய வித்தியாசமில்லை, வித்தியாசமெல்லாம் ஆயுளில்தான். ஆகவே மண்ணையும் ஈரச் சுவரையும் தொடும் நிலைக்கால், தூண், உத்தரத்தின் முனை ஆகியவற்றில் வெள்ளை இருத்தலாகாது. ஈரம் படாமல் உயரத்தில் நிற்கும் கைமரத்தில், மருந்து ஏற்றிய பின், கொஞ்சம் வெள்ளை இருந்தாலும் பெரிய கெடுதலில்லை. இவ்வேறுபாட்டை அறிந்தவருக்குச் செலவில் மிச்சமுண்டு.

மரங்களின் ஆயுளை அறிவதற்கு, 1906இல் தோன்றிய டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் ஓர் எளிய முறையைக் கையாண்டு வந்திருக்கின்றனர். பல ஜாதி மரங்களின் வைரத்தைச் சிறு முளைகளாக அறுத்துக் கறையான் மிகுந்த தரையில் வரிசை வரிசையாகப் புதைத்து, எது எத்தனை மாதம் தாங்குகிறது என்று கணக்கெடுப்பார்கள். பார்வைக்கு அந்த இடம் எப்படியிருக்குமோ அப்படியே, இதற்கு இடுகாட்டுச் சோதனை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். 120 மாதங்களும் அதற்கு மேலும் நிற்பவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குள் அழிபவை மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரம் முதல் வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெருமை வைரத்துக்கே உரியது. பதினைந்து இருபது வயதில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு அதிகம். அதைத் தேக்கின் விலைக்கு வாங்கி நிலைக்காலாக நடுகிறவர், பெயரை வாங்கினாரேயன்றி ஆயுளை வாங்கவில்லை.

"பர்மா தேக்கு" என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அந்த மரத்துக்கு இந்நாட்டில் அழியாத கீர்த்தியைத் தந்துள்ளன. ஆயின் மியன்மார் நாடு 2014 ஏப்ரல் மாதத்தில் உருட்டுமரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் பயிரான தேக்கும் இந்தியத் துறைமுகங்களில் இறங்குகிறது. அதுவும் தேக்கே, இகழத்தக்கதன்று. எனினும் ஊர்ப்பெயருக்காகத் தனி விலை கொடுக்குமுன், அந்தத் துண்டில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பதே விவேகம். மேலே சாயம் பூசியிருந்தால் கத்தியால் ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தால் போதும்.

பனைமரத்தின் விஷயம் நேர்மாறானது. அதற்கு வெளிப்புறம் வைரம், உட்புறம் சோறு. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்துரைத்ததை நூல் கல்லாத தச்சரும் கைப்பழக்கத்தால் அறிவர். எனவே பனையைப் பிளந்து கைமரமாக்கும்போது கருத்த நார் அடர்ந்த வெளிப்பாகத்தை வைத்துக்கொண்டு உட்சோற்றைச் செதுக்கி எறிகிறார்கள். முதிராத பனையில் அந்தக் கருநார் மெல்லிய வளையமாகவே இருக்கும். அதை வெட்டிப் பயனில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடித்த பழைய வீட்டின் பனங்கைகள் கிடைக்குமாயின், செல் அரிக்காதவற்றைப் பொறுக்கி எடுத்தல் இரு வகையிலும் நலம்.

வகுப்பும் தரமும்

கட்டடத்தில் பாரம் தாங்கும் மரத்தை இந்தியத் தர நிர்ணயம் 883 மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. பாரத்தின் கீழ் வளையாமல் எவ்வளவு விறைத்து நிற்கிறது என்பதே பிரிவின் ஆதாரம். சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனுக்கு மேற்பட்ட விறைப்புடையவை முதல் வகுப்பு. 9,800 முதல் 12,600 வரை இரண்டாவது. 5,600 முதல் 9,800 வரை மூன்றாவது. தேக்கு ஏறத்தாழ 10,000 ஆதலால் அது இரண்டாம் வகுப்பிலேயே சேர்கிறது. இது பலருக்கு ஆச்சரியமாகத் தோன்றும். தேக்கின் சிறப்பு மிகுந்த பலத்தில் இல்லை. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் உருவம் மாறாமை, உளிக்கு இசைதல், நீண்ட ஆயுள் ஆகியவற்றில் இருக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அக்குணங்கள் இன்றியமையாதவை. மறைவில் கிடந்து பாரம் சுமக்கும் உத்தரத்துக்கு வேங்கையும் மருதும் நெடுங்காலமாக உபயோகப்பட்டு வந்தவையே. வேம்பின் முதிர்ந்த வைரமும் சிறு வீட்டுக்குப் போதும். எல்லா வேலைக்கும் தேக்கே வேண்டுமென்பது வீண் செலவு.

வகுப்பு என்பது ஜாதியைப் பற்றியது. தரம் என்பது கையிலுள்ள துண்டைப் பற்றியது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு சட்டங்கள் வெவ்வேறு தரமாக இருக்கலாம். பொறுக்குத் தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று மூன்று. முதல் தரம் தாங்கக்கூடிய பாரத்தை 100 என்று வைத்துக்கொண்டால், பொறுக்குத் தரத்துக்கு 116உம் இரண்டாம் தரத்துக்கு 84உம் கணக்கிடப்படுகின்றன. அதாவது கடைசித் தரத்தைக் காட்டிலும் பொறுக்குத் தரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகத் தாங்கும். மரவாடியில் ஒரே விலைக்கு ஒரே குவியலில் இரண்டும் கலந்து கிடப்பதுண்டு. நேரம் செலவிட்டுப் பொறுக்கும் வாடிக்கைக்காரருக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு இலவசமாகவே கிடைக்கிறதென்று சொல்லலாம்.

பொறுக்கும்போது பார்க்கவேண்டியவற்றுள் முதன்மையானது இழையோட்டம். மரத்தின் இழை சட்டத்தின் நீளத்தோடு ஒட்டி ஓடவேண்டும். சாய்ந்து ஓடி விளிம்பில் வெளியேறினால், அந்த இடத்தில் சட்டம் பிளந்துகொண்டு முறியும். பொறுக்குத் தரத்தில் 20 அங்குலத்துக்கு 1 அங்குலம் வரை சாய்வு அனுமதிக்கப்படுகிறது. முதல் தரத்தில் 15க்கு 1. இரண்டாம் தரத்தில் 12க்கு 1. அதற்கு மேற்பட்ட சாய்வுள்ளதை உத்தரத்துக்குக் கொள்ளலாகாது. இழைத்த பரப்பில் காணும் நிறக்கோடுகளை நம்பிச் சாய்வை மதிப்பிடுவது சில வேளை ஏமாற்றும். காய்ந்த மரத்தில் தோன்றும் மயிர்போன்ற வெடிப்புகள் இழையைத் தொடர்ந்தே ஓடுமாதலால், அவற்றைப் பார்ப்பது உத்தமம். வெடிப்பு இல்லையேல் ஒரு துளி மை விட்டால், அது இழை போகும் திசையில் ஊறி நீளும்.

அடுத்தது கணு. கிளை புறப்பட்ட இடமே கணு. இழைகள் அதைச் சுற்றி வளைந்து போவதால் அங்கே பலம் குறைகிறது. சுற்றிலும் மரத்தோடு இறுகிய கணு ஒருவாறு பொறுக்கத்தக்கது. கரு வளையத்தோடு தளர்ந்து ஆடும் செத்த கணு, பாரம் தாங்கும் கணக்கில் ஓட்டைக்குச் சமானம். கணு எவ்வளவு பெரிது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாரம் ஏறிய உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் நசுங்குகிறது. நடுப்பாகத்தின் அடிவிளிம்பில் விழும் கணுவே முறிவுக்கு முதற்காரணம். ஆகையால் கணுவுள்ள உத்தரத்தைத் தவிர்க்க முடியாதபோது, கணு மேலே வரும்படியாகவோ சுவரின் பக்கம் ஒதுங்கும்படியாகவோ திருப்பி வைக்கவேண்டும். இதே காரணத்தால், மின்கம்பிக் குழாய் செலுத்துவதற்காக உத்தரத்தின் நடுவில் அடிப்பக்கத்தை வெட்டுவது பெருந்தவறு. வெட்டியே தீரவேண்டுமானால் முனைகளுக்கு அருகில் வெட்டலாம்.

வளையம் வளையமாக உள்ளே பிரிந்த வெடிப்பு, முனையிலிருந்து நெடுக ஓடும் பிளவு, முறுக்கு, பட்டை ஒட்டியதனால் மழுங்கிய விளிம்பு ஆகியவற்றையும் கவனிக்கவேண்டும். மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்த இடங்கள் ஐயத்துக்குரியவை. குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றருகே மெல்லிய பொடியும் காணப்பட்டால், பூச்சி உயிரோடு உள்ளே இருக்கிறதென்பது நிச்சயம். அத்தகைய துண்டு எவ்வளவு மலிவாயினும் வீட்டுக்குள் கொண்டுவரத் தகாது, ஏனைய மரங்களுக்கும் அது பரவும்.

உத்தரத்தை வைக்கும் விதத்தைப் பற்றிச் சிறு கணக்கு ஒன்று தெரிந்திருத்தல் நலம். பாரம் தாங்கும் சக்தி அகலத்தோடு ஒரு மடங்காகவும், உயரத்தோடு இரு மடிப் பெருக்கமாகவும் கூடும். வளையாமல் நிற்கும் விறைப்போ உயரத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 3 அங்குலத்துக்கு 6 அங்குலச் சட்டத்தைப் படுக்கையாக வைப்பதைக் காட்டிலும் செங்குத்தாக வைத்தால் அதே மரம் இரு மடங்கு பாரம் தாங்கும். தொய்வு நாலில் ஒரு பங்காகும். சதுரமாக அறுத்த உத்தரம் அழகாயிருக்கலாம், ஆனால் சிக்கனமன்று.

உலர்த்துதலும் காத்தலும்

பச்சை மரத்தில் கட்டிய கூரை காயக் காயத் திருகிக்கொள்ளும், ஆணிகள் தளரும், கதவு சட்டத்தில் பொருந்தாது. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை. வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வினாலேயே பலகை வளைகிறது. ஈரத்தை அளப்பது கடினமன்று. ஒரு துண்டின் நடுவிலிருந்து சிறு வில்லை வெட்டி நிறுத்து, முற்றும் உலர்த்தி மறுபடியும் நிறுத்தால், குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூற்றுக்கு எத்தனை என்று காணலாம். 600 கிராம் இருந்தது 500 ஆனால் ஈரம் 100க்கு 20. கூரைச் சட்டங்களுக்கு அது ஒருவாறு பொருந்தும். கதவுக்கும் அலமாரிக்கும் 12ஐ ஒட்டி இறங்கவேண்டும்.

குடியானவர் தம் தோட்டத்து மரத்தை அறுத்து வைத்துக் கட்டுவதாயின், நிழலில் தரைக்கு ஓரடி உயரத்தில் கட்டைகளை வைத்து, பலகைகளுக்கிடையே ஓரங்குலக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி இட்டு அடுக்கவேண்டும். குச்சிகள் நேராக அமையாவிடில் அவற்றுக்கிடையே பலகை தொய்ந்து, அப்படியே காய்ந்து நிலைத்துவிடும். முனைகளில் தாரோ பழைய வர்ணமோ தடவினால் அங்கே விரைந்து காய்ந்து பிளப்பது தடைப்படும். ஓரங்குலப் பலகை சில மாதங்களில் உலரும். தடித்த உத்தரத்துக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அறுத்த மரத்தைக் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கமும் காரணமற்றதன்று. மாவுச்சத்து நீரில் கரைந்து கழிவதால் உளுவின் உபத்திரவம் குறைகிறது. ஆனால் அதனால் கறையான் தடைப்படும் என்று எண்ணலாகாது.

கறையானுக்கு மருந்து ஏற்றுவதில் இந்தியர் ஒருவரின் பெயர் உலகமெங்கும் அறியப்பட்டது. டேராடூன் நிலையத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம் 1933இல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் என்னும் மூன்றின் கூட்டு மருந்தைக் கண்டார். இதனை மரத்துக்குள் அழுத்தத்தில் செலுத்தினால், குரோமியம் மற்ற இரண்டையும் கழுவிப் போகாதபடி மரத்தோடு பிணைத்துவிடுகிறது. தந்திக் கம்பங்களும் மின் கம்பங்களும் இதனால் நீண்ட ஆயுள் பெற்றன. ஆயினும் ஆர்சனிக் விஷமாதலால் பல நாடுகள் வீட்டு உபயோகத்தில் இதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு அது பெரும்பாலும் விலக்கப்பட்டது. மாட்டுத் தொட்டி, நெற்குதிர், உண்ணும் பொருள் வைக்கும் பலகை ஆகியவற்றுக்கு இத்தகைய மரம் ஆகாது; பச்சைச் சாயல் படிந்த அதன் துண்டுகளை அடுப்பில் எரிப்பது மிகவும் அபாயகரம். மழை படாத உட்புற மரங்களுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதுமானது. எந்த மருந்தாயினும், தூணை மண்ணில் நேராக நடாமல் கல்லின்மேல் நிறுத்துவதற்கு ஈடாகாது.

ஒட்டுப்பலகை

உருட்டுமரத்தை இயந்திரத்தில் சுழலவிட்டு, நீண்ட கத்தியை அதன்மேல் அழுத்தினால், சுருட்டிய பாய் விரிவதுபோல் மெல்லிய மரத்தகடு உரிந்து வரும். அத்தகடுகளை உலர்த்திப் பசை தடவி, ஒன்றின் இழை நீளவாட்டிலும் அடுத்ததன் இழை குறுக்குவாட்டிலும் அமையும்படி அடுக்கி, வெப்பத்தோடு அழுத்தியதே ஒட்டுப்பலகை. தகடுகளின் எண்ணிக்கை 3, 5, 7 என ஒற்றைப்படையாகவே இருக்கும். அப்போதுதான் இரு முகங்களும் ஒத்திருந்து பலகை வளையாது. இழைகள் ஒன்றையொன்று கட்டுவதால் இது பிளப்பதில்லை. சுருக்கமும் மிகக் குறைவு. எட்டடிக்கு நாலடி என்ற அளவும், 4 முதல் 25 மில்லிமீட்டர் வரை கனமும் சாதாரணமாகக் கிடைக்கும்.

ஒட்டுப்பலகையின் தரம் முக்கியமாகப் பசையைப் பொறுத்தது. முகத்தின் அழகு அதற்குச் சாட்சியாகாது. பசைகள் பிரதானமாக இரண்டு. ஒன்று யூரியா பார்மால்டிஹைடு; வயலில் இடும் அதே யூரியாவிலிருந்து தயாராவது. 2015இல் மானிய யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச உத்தரவானதற்கு, அது இத்தகைய ஆலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பதும் ஒரு காரணம். இப்பசை நிறமற்றது, மலிவானது. ஆனால் வெந்நீரிலும் நீடித்த ஈரத்திலும் விட்டுவிடும். மற்றொன்று பீனால் பார்மால்டிஹைடு; கருஞ்சிவப்பு நிறமுடையது, கொதிநீரிலும் விடாது. பலகையின் ஓரத்தில் தகடுகளுக்கிடையே கரிய கோடுகள் தெரிந்தால் பீனால் பசை என்று ஊகிக்கலாம். சாயம் கலந்து அந்தக் கோட்டைப் போலியாகக் காட்டவும் கூடுமாதலால், இதை முடிவான சாட்சியாகக் கொள்ளலாகாது.

பொது உபயோகத்துக்கான பலகைக்குத் தர நிர்ணய எண் 303. அதில் எம்.ஆர். என்னும் ஈரம் தாங்கும் வகை, கடையில் "கமர்ஷியல்" என்று வழங்குவது. பீரோ, கட்டில், உட்சுவர் மறைப்பு ஆகியவற்றுக்கு ஏற்றது. பி.டபிள்யூ.ஆர். என்பது கொதிநீரை எதிர்க்கும் வகை. 8 மணி நேரம் கொதிக்கும் நீரில் அதன் ஒட்டு நிற்கவேண்டும். அடுக்களைக்கும் வெளிப்புறம் நோக்கிய கதவுக்கும் இதுவே குறைந்தபட்சம். எண் 710 கடல்சார் வகை, வழக்கில் "மரைன்". 72 மணி நேரம் கொதித்தும் பிரியாதது. இவையன்றிக் கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகையாக அமைவதற்கு எண் 4990உம், கட்டடப் பாரம் தாங்கும் பலகைக்கு எண் 10701உம் உண்டு. சாதாரண அலமாரிப் பலகையை மச்சுத் தளமாகப் பரப்பி மேலே மூட்டை அடுக்குவது, 10701 என்ற எண் எதற்காக ஏற்பட்டதென்று அறியாமையால் செய்வது.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை முதலியவற்றுக்குப் பலகை வாங்கும்போது, "வாட்டர் புரூப் பிளைவுட்" என்று ஒப்பந்தத்தில் எழுதுவதில் அர்த்தமில்லை. அச்சொல்லுக்கு வரையறை ஏதும் கிடையாது. தர நிர்ணய எண், வகை, கனம் மூன்றையும் எழுதவேண்டும். சரக்கு வந்தபின் ஒவ்வொரு பலகையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, முத்திரைக்கு மேலே தர எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் உள்ளனவா என்று சரிபார்த்தே ரசீதில் கையெழுத்திடவேண்டும். முத்திரையின்றி "710" என்று மாத்திரம் பெரிதாக அச்சிட்டிருப்பது உரிமமாகாது. உரிம எண் மெய்யானதா, யாருக்கு வழங்கப்பட்டது என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் பதிந்து அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

சந்தேகம் தீராதவருக்கு வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பலகையில் நாலு விரற்கடைச் சதுரத் துண்டு வெட்டி, சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் நீரூற்றி, நெல் அவிக்கும் அடுப்பின் ஓரத்தில் வைத்து விடாமல் கொதிக்கவிடவேண்டும். எம்.ஆர். வகை சில மணி நேரத்திலேயே ஏடு பிரியத் தொடங்கும். பி.டபிள்யூ.ஆர். என்று விற்கப்பட்டதும் அப்படியே பிரிந்தால், வேறு சாட்சி வேண்டுவதில்லை. வெட்டிய ஓரத்தையும் உற்றுப் பார்க்கவேண்டும். உட்தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டிருந்தால் அங்கே திருகாணி பிடிக்காது. பரப்பெங்கும் விரலால் தட்டினால், உள்ளே காலியான இடத்தில் ஓசை மாறும்.

நல்ல பலகையையும் தவறாகப் பயன்படுத்தினால் கெடும். வெட்டிய ஓரங்களே நீர் நுழையும் வாயில்கள். அவற்றை வர்ணத்தாலோ மரச்சட்டத்தாலோ மூடாமல் விடலாகாது. மரைன் பலகையும் வெயிலில் பூச்சின்றிக் கிடந்தால் முகத்தகடு வெடிக்கும். அலமாரித் தட்டில் முகத்தின் இழை இரு தாங்கிகளுக்கும் இடையே நீளவாட்டில் ஓடும்படி வெட்டவேண்டும். குறுக்கே வெட்டினால், முக்கியமாக மெல்லிய பலகையில், தொய்வு மிகும். மாட்டுக் கொட்டகையில் ஒட்டுப்பலகைக்கு இடமில்லை. கோமியமும் கழுவு நீரும் இடைவிடாமல் படும் இடத்தில் கல்லும், வைரமேறிய மரமுமே நிற்கும்.

மரம் விற்போருக்கு

இந்தியாவில் இத்தொழில் தேயிலைப் பெட்டிகளுக்காக வளர்ந்தது; அஸ்ஸாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளின் காட்டுமரங்களே அதற்கு ஆதாரமாயிருந்தன. 1996 டிசம்பரில், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டுமரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உத்தரவிட்டபின், அப்பகுதி ஆலைகளில் பல மூடப்பட்டன. தொழில் காட்டை விட்டு வயலைத் தேடி வந்தது. ஹரியானாவின் யமுனாநகரில் குடியானவர் வளர்த்த பாப்லரும் யூகலிப்டஸும், கேரளத்தின் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரமும் பலகையாயின. தமிழ்நாட்டில் மலைவேம்பு இதே காரணத்தால் தோட்டப்பயிராகியிருக்கிறது. நீர்வசதியுள்ள நிலத்தில் ஐந்தாறு ஆண்டுகளில் அது தகடு உரிக்கும் பருமனை அடைகிறது.

ஆலைக்கு வேண்டியது நேரான, உருண்ட, கணுவற்ற அடிமரம். கோணல் மரத்தில் கத்தி முதலில் துண்டு துண்டாகவே உரிக்கும். கணுவுள்ள இடத்தில் தகடு ஓட்டையாகும். ஆதலால் விலை உயர்வதும் தாழ்வதும் நட்ட முதல் ஓரிரு ஆண்டுகளில், பக்கக் கிளைகள் விரற்பருமனாக இருக்கும்போதே ஒட்ட நறுக்குவதைப் பொறுத்தது. கிளை தடித்தபின் வெட்டினால் கணு உள்ளேயே தங்கிவிடும். அதே மரம் கணு மிகுந்திருந்தால் காகிதக்கூழுக்கோ விறகு தொட்டிக்கோதான் போகும். மெட்டுப்பாளையம் வனக் கல்லூரியும், கோயமுத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிலையமும் நல்ல நாற்று வகைகளைப் பற்றி ஆலோசனை கூறுகின்றன.

தகடு உரிக்கும் மரம் பச்சையாக இருக்கவேண்டும். வெட்டிக் கிடந்தால் முனை வெடித்து மதிப்புக் குறையும். எடைக்கு விற்கிறவருக்கு வேறொரு நஷ்டமும் உண்டு, கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஈரம் ஆவியாகி எடை இறங்குகிறது. ஆகையால் விலையும் வண்டியும் நிச்சயமான பின்பே கோடரி எடுக்கவேண்டும். கட்டட மரம் கன அடிக்கு விற்கப்படும்போது கால் சுற்றளவுக் கணக்கு வழக்கத்திலிருக்கிறது. நடுச்சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவர். 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள மரம் இக்கணக்கில் 10 கன அடி. உண்மையில் அதில் இருப்பது 12¾ கன அடிக்குச் சிறிது குறைவு. அறுப்பில் கழியும் சேதத்துக்கென்று விடப்பட்ட பங்கு அது. இதைத் தெரிந்தே விற்பதில் தவறில்லை. ஆனால் கால் சுற்றளவில் அளந்தபின் "பட்டைக்கும் சேதத்துக்கும்" என்று மறுபடியும் கழிவு கேட்கும் வியாபாரி, ஒரே சேதத்தை இருமுறை கழிக்கிறார். பட்டைக்கு மாத்திரம் கழிவு நியாயம்; பட்டை உரித்து அளந்தால் அதுவும் வேண்டுவதில்லை.

தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவை பட்டா நிலத்தில் வளர்ந்தவையாயினும் வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டவை. வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து வேண்டிய அனுமதியைப் பெறவேண்டும். அங்கே நிலத்தின் உரிமையையும் மரம் அந்நிலத்தில் நின்றதையும் காட்டும் பத்திரங்கள் கேட்கப்படும். மரம் நட்ட பசலியிலேயே அடங்கலில் இன்ன மரம் இத்தனை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்துகொண்டவருக்கு, இருபது வருஷம் கழித்து அந்தச் சான்று பெறுவதில் தாமதமிராது.